மீதி உந்தம்

முப்பத்து நான்காவது கேள்வியைப் பார்த்ததும் விடைத்தாள் திருத்தும் முகாமே குஷியாகிவிட்டது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஐந்து மதிப்பெண் கணக்கு, விடையோ வெறும் பூஜ்ஜியம். எட்டாயிரம் கிலோ லாரி ஒன்று நொடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில் கிழக்கே போய், நின்றுகொண்டிருக்கும் இரண்டாயிரம் கிலோ வேன் மீது மோதுகிறது. இரண்டிலும் உந்துவாங்கி பொருத்தப்பட்டிருக்கிறது. மோதியபின் இரண்டும் சேர்ந்து என்ன வேகத்தில் போகும்? போகாது, நின்றுவிடும். வாரியம் அனுப்பிய விடைக்குறிப்பு அப்படித்தான் சொன்னது. கடைசி வரியில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பார்த்து, ஐந்து போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டியதுதான்.

காலையில் பன்னிரண்டு, மதியம் பன்னிரண்டு என்று ஆளுக்கு இருபத்து நான்கு தாள்கள் கொடுத்திருந்தார்கள். எப்சிபா டீச்சர் பதினொரு மணிக்கெல்லாம் ஆறு தாள்களை முடித்துவிட்டாள். இயற்பியல் ஆசிரியையாகப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தால் மின்விசிறியைவிட வேகமாகச் சுற்றுவாள் என்று மற்றவர்கள் கேலி செய்வதுண்டு. ஏழாவது தாளில் அந்தக் கை நின்றது.

சும்மா சொல்லக்கூடாது, அதுவரை அந்தத் தாள் படு மோசம். ஒரு மதிப்பெண் கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டிருந்தது. மற்றவற்றுக்கு இரண்டு வரி, மூன்று வரி, கிறுக்கல். முப்பத்து நான்காவதற்கு மட்டும் கோடு போட்டு, கட்டம் கட்டி, அச்சடித்தாற்போல் எழுதியிருந்தது.

"மோதலுக்கு முன் மொத்த உந்தம்: 8,000 × 15 = 1,20,000. மோதலுக்குப் பின் வண்டிகளின் உந்தம்: 10,000 × 0 = 0. உந்தம் அழியாது என்பது விதி. ஆகவே மீதி 1,20,000 எங்கோ இருக்க வேண்டும். அது ஆழித்தேரியில் இருக்கிறது. ஆழித்தேரி எங்கள் ஊர். லாரி கிழக்கே போனால் எங்கள் ஊரில் அறுபதாயிரம் கிலோ மணல் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் கிழக்கே போகும். 60,000 × 2 = 1,20,000. கணக்கு சரியாக இருக்கிறது. அந்த மணலின் மேல் எங்கள் வீடு இருக்கிறது."

முதலில் எப்சிபாவுக்குச் சிரிப்புதான் வந்தது. விடை தெரியாத பிள்ளைகள் என்னென்னவோ எழுதும். சாமி பெயர் எழுதும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதும். இது புது தினுசு என்று நினைத்தாள். பிறகு இரண்டாவது தடவை படித்தாள். பெருக்கலில் தப்பில்லை, விதியிலும் தப்பில்லை. மூன்றாவது தடவையும் படித்தாள்.

உந்துவாங்கி வந்து நான்கு வருஷம் ஆகிறது. தீப்பெட்டி அளவுள்ள ஒரு சாதனம். வண்டி மோதப்போகிற கணத்தில் அதன் உந்தத்தை அப்படியே உருவி, பூமிக்குள் ஆழப் பதித்த ஒரு நங்கூரத்துக்கு அனுப்பிவிடும். வண்டி பூப்போல நிற்கும். அது வந்த நாளிலிருந்து சாலையில் சாவு கிடையாது, எலும்பு முறிவு வார்டில் ஈ ஓட்டுகிறார்கள். போன வருஷம் எப்சிபாவே ஸ்கூட்டரில் போய் ஒரு பஸ்ஸின் பின்னால் மோதி, சேலையில் ஒரு சுருக்கம்கூட விழாமல் எழுந்து வந்தாள். அன்றைக்கு வீட்டில் ஜெபம் பண்ணி நன்றி சொன்னார்கள். அந்த உந்தம் எங்கே போகிறது என்று அவளும் கேட்டதில்லை. பத்தொன்பது வருஷமாக உந்தம் அழியாது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பவள் கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தாளை மூடி வைத்துவிட்டு, முதன்மைத் தேர்வாளர் குற்றாலிங்கத்திடம் போனாள். குற்றாலிங்கம் நல்ல மனிதர், யார் மனதையும் நோகடிக்க மாட்டார். புதிய பாடப்புத்தகத்தில் உந்துவாங்கி பற்றிய பாடத்தை எழுதிய குழுவில் அவரும் ஒருவர். எப்சிபா தாளைக் காட்டவில்லை. விடைக்குறிப்பு தப்பு என்று மட்டும் சொன்னாள். மீதி உந்தம் எங்கே போகிறது என்று எழுதாமல் பூஜ்ஜியத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தால் அது இயற்பியலே இல்லை என்றாள்.

குற்றாலிங்கம் வடையைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். நங்கூரம் ஏதோ ஒரு தேரியில், செம்மணல் மேட்டுக்கு அடியில் இருக்கிறதாம். மணல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுமாம். வருவாய்ப் பதிவேட்டின்படி அங்கே ஆள் நடமாட்டமே இல்லையாம். அதோடு, உந்தத்துக்குத் திசை உண்டு.

"கிழக்க போற வண்டியும் இருக்கு, மேற்க போற வண்டியும் இருக்கு. ஒண்ணு கூட்டல், ஒண்ணு கழித்தல். ஒரு நாள் பூரா கூட்டிப் பாருங்க டீச்சர், பூஜ்ஜியம்தான் வரும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அனுமதியே குடுத்தாங்க" என்றார்.

"இந்தக் கன்னத்துல ஒண்ணு, அந்தக் கன்னத்துல ஒண்ணு வச்சாலும் கூட்டுனா பூஜ்ஜியம்தான் சார்" என்றாள் எப்சிபா. "ரெண்டு கன்னமும் வீங்கியிருக்குமே."

குற்றாலிங்கம் தன் கன்னத்தையே தடவிக்கொண்டார். பிறகு, எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். சொன்னபடி அனுப்பவும் செய்தார்.

மதியம் மூன்று மணிக்கு வாரியத்திலிருந்து பதில் வந்தது. முப்பத்து நான்காவது கேள்வியில் ஐயப்பாடு இருப்பதால், அதை எழுத முயன்றிருந்தாலே முழு மதிப்பெண் வழங்கலாம். கேள்வி எண்ணை மட்டும் எழுதியிருந்தாலும் போதும். முகாமில் கைதட்டல் எழுந்தது. பக்கத்து மேசை ஆசிரியர் வந்து, உங்களால்தான் பிள்ளைகளுக்கு ஐந்து மார்க் என்று எப்சிபாவின் கையைக் குலுக்கினார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூஜ்ஜியம் என்று எழுதியவனுக்கும் ஐந்து, ஒன்றும் எழுதாதவனுக்கும் ஐந்து, எங்கள் வீடு மணலோடு போகிறது என்று எழுதிய பிள்ளைக்கும் அதே ஐந்து. உண்மையை மறுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். இப்படி எல்லாருக்கும் பந்தி போட்டு அனுப்பிவிட்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அந்தத் தாளையே மேலே காட்டலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. விடைத்தாளில் தேர்வர் தன் பெயரையோ ஊரையோ எழுதினால் அது முறைகேடு. தாளைத் தனியே கட்டி அனுப்ப வேண்டும், விசாரணை நடக்கும், தேர்வு ரத்தாகும், இரண்டு வருஷத்துக்குப் பரீட்சையே எழுத முடியாது. இந்தப் பிள்ளையோ ஆழித்தேரி எங்கள் ஊர் என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. எப்சிபா மற்ற பக்கங்களைக் கூட்டிப் பார்த்தாள். பதின்மூன்று. தேர்ச்சிக்கு எழுபதுக்குப் பதினைந்து வேண்டும். அந்த ஐந்தையும் சேர்த்தால் பதினெட்டு.

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். சிவப்பு மையை இரண்டு சொட்டு உதறி, விரலால் தேய்த்தாள். ஆழித்தேரி இருந்த இரண்டு இடமும் சிவப்புத் திட்டாயின. பேனா கக்கிவிட்டது என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஐந்துக்கு ஐந்து போட்டு, மொத்தம் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு அரை மதிப்பெண்கூட விதியை மீறிப் போட்டதில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு நிறைந்திருந்தது.

ஊர்ப் பெயரைத் தாளில் அழித்தாளே தவிர மனசிலிருந்து அழிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறினாள். பஸ் போகிற பாதையில் கேட்டுக் கேட்டு இறங்கி, செம்மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தாள். முந்திரி மரங்களுக்கு நடுவே பதினேழு வீடுகள் இருந்தன. பதிவேட்டில் ஆளே இல்லாத இடத்தில் கோழி மேய்ந்தது, துணி காய்ந்தது, ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தது.

எல்லாமே தொங்கிக்கொண்டிருந்ததுதான் விசித்திரம். குடம், சட்டி, விளக்கு, கடவுள் படம் எல்லாவற்றையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தரையில் ஒரு பொருள் இல்லை. வீட்டுக்கு வீடு இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு ஓடியது. பேசிக்கொண்டு நின்ற பெண்கள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே பேசினார்கள். சுவரில் யாரும் சாயவில்லை.

பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை எழுதின பிள்ளை யார் என்று எப்சிபா விசாரித்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளையா என்று ஒருத்தி கேட்டுவிட்டு, கடைசி வீட்டைக் கைகாட்டினாள்.

கடைசி வீட்டு வாசலில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி முருங்கைக்காய்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். சுயம்புக்கனி என்று பெயர் சொன்னாள். பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு நிறுத்தியவள், இந்த வருஷம் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதியவள். எப்சிபா தான் யார் என்று சொன்னதும், கட்டிக்கொண்டிருந்த நாரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"நீங்கதான் படிச்சியளா டீச்சர்?" என்றாள். "முழுசும் படிச்சியளா?"

"மூணு தடவை படிச்சேன்."

சுயம்புக்கனி கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு உள்ளே கூட்டிப்போனாள். கட்டிலில் அவள் புருஷன் படுத்திருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன் மேல் அந்தச் சுவரே வந்து விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எங்கேயோ யாரோ பூப்போலப் பிழைத்த நேரம் அது. வந்தவளுக்கு எழுந்து மரியாதை செய்ய முடியவில்லையே என்று அவன் வருத்தப்பட்டதுதான் எப்சிபாவுக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் சுயம்புக்கனி நிதானமாகச் சொன்னாள். இருபத்தேழு மனு கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வாய்வார்த்தையாக ஒரே பதில்தான், அந்த இடத்தில் குடியிருப்பு இல்லை. பெட்டியில் போட்ட மனுவை யாரும் பிரித்ததாகவே தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எப்படியும் ஒரு கணக்கு வரும் என்று உந்தப் பாடத்தை மட்டும் ஆறு மாசம் படித்தாள்.

"மனுவ வாங்குதவுக படிக்கணும்னு சட்டமா இருக்கு? பரீட்சைப் பேப்பரக் கடைசி வரி வரைக்கும் படிச்சே ஆகணும்லா டீச்சர். அதுவும் இந்தக் கணக்கு தெரிஞ்ச ஆளுதான் படிக்கணும். அதான் ஃபீஸ் கட்டி எழுதுனேன்."

ஐந்து மதிப்பெண்ணுக்காகப் பரீட்சை எழுதுகிறவர்களைத்தான் எப்சிபா இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

"சரி, ஆனா ஊர்ப் பேரை ஏன்க்கா எழுதுனீங்க? அது தப்புன்னு ஹால்ல சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாவளே. பேரு, ஊரு எழுதுனா ஆபீசருங்க விசாரணைக்குக் கூப்பிடுவாவ, சொல்லுத ஒவ்வொண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்குவாவன்னு சத்தமா வாசிச்சாவ. அதக் கேட்டுட்டுத்தான் ரெண்டு தடவ எழுதுனேன். விசாரணை எப்ப டீச்சர்?"

எப்சிபாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. சிவப்பு மையைத் தேய்த்த கதையைத் தலைகுனிந்து சொன்னாள். சுயம்புக்கனி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நல்ல மனசுலதான் செஞ்சிருக்கிய" என்றாள் கடைசியில். "போட்டும். எவ்வளவு போட்டிய?"

"அஞ்சுக்கு அஞ்சு. மொத்தம் பதினெட்டு."

"அப்ப நான் பாஸா?"

"பாஸ்தான்க்கா."

சுயம்புக்கனி முருங்கைக் கட்டுகளைப் பார்த்தபடி சொன்னாள். "பாஸாயிட்டா மறுபடி எழுத விட மாட்டாவளே டீச்சர்."

திரும்பி வருகிற வழியெல்லாம் எப்சிபாவின் காதில் அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, குறி பார்த்து ஒரு கல்லை எறிந்திருக்கிறாள். இவள் நடுவில் பாய்ந்து, பஞ்சுமூட்டை மாதிரி அதை வாங்கிக்கொண்டுவிட்டாள். கல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஆழித்தேரிக்கு அரசாங்கம் செய்ததையும் தன்னுடைய கருணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை முகாமுக்குள் நுழைந்ததும் நேரே குற்றாலிங்கத்திடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். இன்ன எண்ணுள்ள விடைத்தாளில் தேர்வர் எழுதியிருந்த ஊர்ப் பெயரை நான் வேண்டுமென்றே மை பூசி அழித்தேன், முறைகேட்டை மறைத்தேன், என்னையும் தேர்வரையும் விதிப்படி விசாரிக்க வேண்டுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

குற்றாலிங்கம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். யாராவது பார்த்தார்களா, யாராவது கேட்டார்களா என்று விசாரித்தார். இல்லை என்றாள். அப்படியானால் கிழித்துப் போடுங்கள், தலைமை ஆசிரியை ஆகிற நேரத்தில் இது தேவையா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது.

"அந்த அடி யார் மேலயாவது விழுந்துதான் சார் ஆகணும்" என்றாள் எப்சிபா. "நாலு வருஷமா அவங்க மேலயே விழுதே."

குற்றாலிங்கம் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பச்சைப் பேனாவால் மூலையில் ஒப்பமிட்டு மேலே அனுப்பினார்.

அதன்பின் காரியங்கள் அதனதன் போக்கில் நடந்தன. விசாரணை அறிவிப்பு சுயம்புக்கனிக்குப் பதிவுத் தபாலில் வந்தது. ஆழித்தேரி என்று முகவரி எழுதி அரசு முத்திரை குத்திய முதல் காகிதம் அதுதான். ஊரே கூடி அதைத் தொட்டுப் பார்த்தது. படுத்த படுக்கையாக இருக்கும் புருஷனை விட்டு வர முடியாது என்று அவள் பதில் எழுதினாள். அப்படிப்பட்ட தேர்வரை இருப்பிடத்துக்கே போய் விசாரிக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. அவள் அதையும் படித்து வைத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று அதிகாரிகள் காரில் வந்து இறங்கினார்கள். கார் மணலில் வராது என்பதால் தார்ச்சாலையிலேயே நின்றது. முந்திரி மரத்தடியில் மேசை போட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தலைமை அதிகாரி கறாரான ஆள். கயிறு ஒன்றைக் கட்டியிருக்கிறோம், பிடித்துக்கொள்ளுங்கள் என்று சுயம்புக்கனி சொன்னபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். விசாரணைக்கு அழைக்கப்பட்டு வந்திருந்த எப்சிபா மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விசாரணை ஒழுங்காகத்தான் தொடங்கியது. பெயர், வயது, தேர்வு எண். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று தெரியுமா? தெரியும். தெரிந்தும் ஏன் எழுதினீர்கள்? சுயம்புக்கனி வாயைத் திறப்பதற்குள் நாய்கள் குரைத்தன. மணல் ஒரு முனகலோடு கிழக்கே நகர்ந்தது.

பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை, ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணம். மேசை ஒன்றரை அடி தள்ளிப் போனது. நாற்காலிகள் மூன்றும் மல்லாந்தன. கோப்புகள் பறந்தன. தலைமை அதிகாரி செம்மணலில் முழங்கை சிராய்த்துக் கிடந்தார். வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் வலியில் கத்துகிற சத்தம் கேட்டது. சுயம்புக்கனி விசாரணையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

தலைமை அதிகாரி எழுந்து, மணலைக்கூடத் தட்டாமல் அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அடங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"இப்ப எங்கயோ ஒரு வண்டி மோதியிருக்கு, அப்படித்தானே?" என்று எப்சிபாவைக் கேட்டார்.

"ஆமா சார். அதுல இருக்கவங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

அவர் மேசையை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு மணி வரை எழுதினார். நேரில் கண்டது என்று தலைப்புப் போட்டு நான்கு பக்கம் எழுதி, மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். சுயம்புக்கனியும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். விதி விதிதான் என்பதால் அவளுடைய தேர்வை ரத்து செய்தார்கள். அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் மீன் குழம்போடு சாப்பாடு போட்டாள். எப்சிபாவுக்குப் பதவி உயர்வு நிறுத்தம், மூன்று வருஷத்துக்கு விடைத்தாள் திருத்தத் தடை. வெயில் காலத்தில் வீட்டில் இருக்கலாம் என்று அவள் சிரித்துக்கொண்டாள். சிரிப்பு முழுசாக வரவில்லை, ஆனால் வந்தது.

சாப்பாடு முடிந்ததும் அதிகாரிகள் எப்சிபாவையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பப் போனபோது தலைமை அதிகாரி அவன் தோளைத் தொட்டார். உந்துவாங்கியை அணைத்துவிடச் சொன்னார். அதற்கு ஒரு பொத்தான் இருப்பதே டிரைவருக்கு மறந்துபோயிருந்தது, தேடிக் கண்டுபிடித்தான். அணைத்துவிட்டு, ஏதாவது ஆகிவிட்டால் என்ன சார் செய்வது என்று கேட்டான்.

"நமக்குத்தானப்பா ஆகும்" என்றார் அவர். "மெதுவாப் போ."

திருச்செந்தூர் சாலையில் பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து அடித்து அவர்களைத் தாண்டிப் போயின. கார் முப்பதைத் தாண்டவில்லை. நான்கு வருஷமாகப் பிடித்துக்கொண்டு உட்காரும் பழக்கமே விட்டுப்போயிருந்ததால் கையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக முன்னிருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.